வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து குரோஷாவும் டாட்டிங்கும் போட எதில் தொடங்கலாம்?

கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் 6 வயதுப் பையன், 10 வயதுப் பெண், 67 வயது மாமியார். மாமியார் ஒரு காலத்தில் குரோஷா (கொக்கி ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாகப் பின்னுவது) நன்றாகப் போடுவாராம். 15 வருடமாக ஊசியைத் தொடவில்லை, கண் சரியில்லை என்கிறார். நீங்கள் வீடியோ பார்த்து டாட்டிங் (ஷட்டில் என்ற குட்டிக் கருவியில் சுற்றிய நூலால் முடிச்சுப் போட்டு லேஸ் செய்வது) பழக ஆரம்பித்து, முதல் வளையத்தையே இழுத்து மூட முடியாமல் நிற்கிறீர்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் போனை ஓரமாக வைத்துவிட்டு எல்லோரும் சேர்ந்து உட்காரலாம் என்று நூல் வாங்கி வந்தீர்கள். இரண்டாம் நாளே சண்டையில் முடிந்துவிட்டது. பையன் நூலைச் சிக்கலாக்கினான், பெண் வரவில்லை என்று தூக்கிப் போட்டாள், மாமியார் "இப்படியா பிடிப்பாங்க" என்று வாங்கித் தானே போட்டுக் கொடுத்துவிட்டார். குரோஷா, டாட்டிங் இரண்டில் எது சுலபம் என்று கேட்கிறீர்கள்.

எது சுலபம் என்பதற்கு ஒரே சொல்லில் பதில் இருக்கிறது: குரோஷா. ஆனால் அந்தப் பதிலைக் கையில் கொடுத்தால் உங்கள் வீட்டில் நாளை சாயங்காலமும் இதே சண்டைதான் நடக்கும். வேறு வேறு வயது, வேறு வேறு கை, வேறு வேறு பொறுமை உள்ள நாலு பேர் ஒரே வேலையைச் சுற்றி எப்படி உட்காருவது என்பதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதற்கே பதில் எழுதுகிறேன்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் 29 வருடம் தையல் டீச்சராக இருந்தேன். 11 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் கைகளை எனக்கு நன்றாகத் தெரியும். 6 வயதுக் குழந்தைகளுக்கு வகுப்பு எடுத்ததில்லை. அந்த வயதைப் பற்றிச் சொல்வதெல்லாம் என் பேரன், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் என ஐந்தாறு பேரை வைத்துச் சொல்வதுதான். கண், மூட்டு பற்றிச் சொல்வதும் ஒரு டீச்சர் பார்த்தது. டாக்டரின் பேச்சு வேறு.

முதலில் இந்த இரண்டு வேலைகளின் குணம். குரோஷாவில் எந்த நேரத்திலும் ஊசியில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணி. அந்தக் கண்ணியை விட்டுவிட்டு நூலை இழுத்தால், போட்டதெல்லாம் சரசரவென்று பிரிந்து வந்துவிடும். பத்து வரிசை தப்பாகப் போனாலும் அரை நிமிடத்தில் நூல் திரும்பக் கைக்கு வந்துவிடுகிறது. குழந்தைக்கு இது பெரிய தைரியம். டாட்டிங் முழுக்க முழுக்க முடிச்சு. ஒரு முடிச்சு உட்கார்ந்துவிட்டால் ஊசி முனையால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். வளையத்தை மூடிய பிறகு தப்பு தெரிந்தால் பல சமயம் கத்தரிக்கோல்தான் வழி. ஆனால் டாட்டிங்கில் வேறொரு சுகம் உண்டு. ஒரு வளையம் மூடினால் அந்த வேலை அங்கேயே முழுமை. அடுப்பில் பால் பொங்குவதற்குள் ஒரு வளையம் போட்டுவிடலாம். அப்படியே வைத்துவிட்டுப் போனாலும் எதுவும் பிரியாது, எந்த வரிசையில் விட்டோம் என்று எண்ண வேண்டியதில்லை. நாள் முழுக்க யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் ஒரு அம்மாவின் கைக்கு டாட்டிங் பொருந்தும். அதனால் நீங்கள் டாட்டிங்கை விட வேண்டாம்.

உங்கள் வளையம் ஏன் மூடவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டாட்டிங் பழகுகிறவர்களில் பெரும்பாலோர் நிற்கிற இடம் அதுதான். தாண்டிவிட்டால் மற்றதெல்லாம் பழக்கம். இடது கையைச் சுற்றியிருக்கும் நூல் ஒன்று, வலது கையில் ஷட்டிலிலிருந்து வரும் நூல் ஒன்று. நாம் ஷட்டிலை ஓட்டி முடிச்சுப் போடுவதால், ஷட்டில் நூல் போய் மற்ற நூலைச் சுற்றிக்கொள்கிறது. அப்படியே இறுக்கினால் வேலை கெட்டது. அந்த நொடியில் இடது கை விரல்களைத் தளர்த்திவிட்டு, ஷட்டில் நூலை வெடுக்கென்று நேராக இழுத்துப் பிடிக்க வேண்டும். அப்போது முடிச்சு குதித்து இடம் மாறும். அதுவரை வளைந்திருந்த ஷட்டில் நூல் கம்பி மாதிரி நேராகிவிடும், தளர்ந்திருந்த இடது கை நூல் அதைச் சுற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் இடது நடுவிரலை உயர்த்தி, முடிச்சை நகர்த்திக் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். இப்படி இரண்டு பாதி சேர்ந்தால் ஒரு டபுள் ஸ்டிச்: ஒரு பாதிக்கு ஷட்டில் கீழே போய் மேலே வரும், அடுத்த பாதிக்கு மேலே போய்க் கீழே வரும். வளையத்தில் 20 முடிச்சு சரியாக இருந்து ஒன்று மட்டும் குதிக்காமல் இருந்தாலும் போதும், அந்த ஒன்று பூட்டுப் போட்ட மாதிரி நின்றுவிடும். வளையம் மூடாது.

இதைக் கண்ணால் பார்த்துப் பழக ஒரு வழி உண்டு. வளையத்தை இரண்டு நாள் மறந்துவிடுங்கள். ஷட்டிலில் சிவப்பு நூலும், இடது கையில் வெள்ளை நூல்கண்டும் எடுத்து, இரண்டு நுனியையும் சேர்த்து முடிந்து, செயின் (வளையமாக மூடாமல் நீளமாகப் போகும் முடிச்சு வரிசை) மட்டும் போட்டுப் பாருங்கள். முடிச்சு சரியாகக் குதித்தால் எல்லா முடிச்சும் வெள்ளையாகத் தெரியும், சிவப்பு உள்ளே ஒளிந்து ஓடும். எங்கே சிவப்பு வெளியே சுற்றிக்கொண்டு தெரிகிறதோ அங்கே குதிக்கவில்லை. ஒவ்வொரு பாதி முடிச்சுக்கும் ஷட்டில் நூலை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். ஓடினால் சரி, ஓடாவிட்டால் அப்போதே நெம்பி எடுத்துவிடலாம். என் மாணவிகளில் ஒரு வாரம் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட இரண்டு நிறத்தைக் கையில் கொடுத்த அன்றே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஷட்டில் என்ற சொல்லைப் பற்றி ஒரு சின்ன விஷயம். தறியில் ஓடுவதும் இதன் அண்ணன்தான். அதை நாடா என்கிறோம், ஓடம் என்றும் சொல்வதுண்டு. ஜெர்மன்காரர்களும் இதைக் குட்டிப் படகு என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். இரண்டு பக்கமும் கூராக, நடுவில் வயிறு பருத்திருக்கும் அதன் வடிவத்தைப் பார்த்தால் ஏன் என்று புரியும். பையனிடம் படகு என்று சொல்லிப் பாருங்கள், நூல் சுற்றிக் கொடுக்கும் வேலையை அவனே கேட்டு வாங்கிக்கொள்வான். என் பேரன் அப்படித்தான் செய்தான்.

இனி நாலு பேரும் எப்படி உட்காருவது என்பது. என் அனுபவத்தில் ஒரே ஒரு வழிதான் நிலைத்திருக்கிறது: துண்டு துண்டாகப் போட்டு, கடைசியில் இணைக்கிற வேலையை எடுங்கள். ஒவ்வொருவர் கையிலும் அவரவர் துண்டு. ஒருவர் வேலை இன்னொருவருக்காகக் காத்திருக்கக் கூடாது, ஒருவர் தப்பு இன்னொருவர் வேலையைக் கெடுக்கவும் கூடாது. இது நான் கண்டுபிடித்ததில்லை, குரோஷா போட்டு வாழ்ந்தவர்கள் காலம் காலமாகச் செய்ததுதான். 1840களில் உருளைக்கிழங்குப் பஞ்சம் அயர்லாந்தை அழித்தபோது, அங்கே பல குடும்பங்கள் குரோஷா லேஸ் போட்டு விற்றுத்தான் சோறு கண்டன. ஒருவர் ரோஜாப் பூ மட்டும் போடுவார், இன்னொருவர் இலை மட்டும். பிறகு எல்லாவற்றையும் பரப்பி வைத்து நடுவில் வலை போட்டு ஒரே துணியாக்குவார்கள். ஆந்திராவில் நரசாபுரம் பக்கத்து ஊர்களிலும் பூ போடுகிற பெண்கள் வேறு, அதை இணைக்கிற பெண்கள் வேறு. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழு 2016 ஜனவரியில் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் போர்வை போட்டுக் கின்னஸ் சாதனை செய்தார்களே, அதுவும் இப்படித்தான். பல ஊர்களில் அவரவர் வீட்டில் உட்கார்ந்து போட்ட துண்டுகள் ஓரிடத்துக்கு வந்து சேர்ந்தன. உங்கள் நாலு பேருக்கும் அதே கணக்குதான், அளவு மட்டும் சின்னது.

வரலாறு என்று வரும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இணையத்தில் நிறையக் குழப்பம் இருக்கிறது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் 1820களின் தொடக்கத்தில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும், அவர் மகள் எலிசா இடையன்குடியில் வளர்த்ததும் (இந்த எலிசாதான் கால்டுவெல்லின் மனைவி) லேஸ்தான், ஆனால் குரோஷா இல்லை. தலையணை மேல் ஊசி குத்தி, கட்டைகளில் நூல் சுற்றி, மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் லேஸ் அது. கொக்கியும் கிடையாது, ஷட்டிலும் கிடையாது. குரோஷா ஆயிரக்கணக்கான வருடப் பழசு, அரேபியாவில் பிறந்தது, சீனாவில் பிறந்தது என்றெல்லாம் எழுதுவதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அவை ஊகங்கள். அச்சில் கிடைத்த முதல் குரோஷா குறிப்புகள் 1823ல் வந்த ஒரு டச்சுப் பத்திரிகையில் உள்ளவை. 1800க்கு முன் இன்று நாம் போடுகிற மாதிரி குரோஷா இருந்தது என்று நிரூபிக்கும் துணி கையில் இல்லை.

சரி, யாருக்கு என்ன வேலை? பையனுக்கு ஊசியே வேண்டாம். பழைய டி-ஷர்ட்டை இரண்டு விரல் அகலத்துக்கு ஒரே நீளமாக வெட்டி இழுத்தால், அது தானாகச் சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். திருப்பூர் பனியன் வேஸ்ட் உங்கள் ஊரில் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு கண்ணி போட்டுக் கொடுத்து, அதற்குள் விரலை விட்டு அடுத்ததை இழுக்கச் சொல்லுங்கள். கொக்கியின் வேலையை விரல் செய்கிறது, அவ்வளவுதான். 6 வயதுக் கைக்கு இது பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறது. எவ்வளவு நீளம் போட்டோம் என்று வீடு முழுக்க இழுத்து அளந்து பார்ப்பதுதான் அந்த வயதுக்குச் சந்தோஷம், அதைத் தடுக்காதீர்கள். 3, 4 மீட்டர் சேர்ந்ததும் அதைப் பாய் சுருட்டுகிற மாதிரி வட்டமாகச் சுற்றி, நீங்கள் ஊசி நூலால் தைத்துக் கொடுங்கள். சுடு பாத்திரம் வைக்க நல்ல தட்டு. அன்று ராத்திரியே அதன் மேல் ரசப் பாத்திரத்தை வையுங்கள், அவன் பார்க்கும்படி.

பெண்ணுக்கு 4 மி.மீ. ஊசியும், கொஞ்சம் தடித்த பருத்தி நூலோ 4 இழை உல்லன் நூலோ. வெளிர் நிறமாக, பளபளப்பில்லாததாக எடுங்கள். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணி எங்கே இருக்கிறதென்றே தெரியாது, பழகினவர்களுக்கே தடுமாறும். அடுத்து, நேர் வரிசையில் தொடங்க வைக்காதீர்கள். 10 வயதுக் குழந்தைக்கு நேர் வரிசை மிகக் கஷ்டம். முனைக்கு வரும்போது கடைசிக் கண்ணியை விட்டுவிடுவார்கள். வரிசைக்கு ஒன்று குறைந்து, சதுரமாகத் தொடங்கியது முக்கோணமாக முடியும். வட்டத்தில் தொடங்கினால் முனையே கிடையாது. சிங்கிள் குரோஷேயில் (குரோஷாவின் குட்டையான அடிப்படைத் தையல்) நடுவில் 6 தையல், அடுத்த சுற்றுக்கு 12, பிறகு 18, 24, 30 என்று 6, 6 ஆகக் கூட்டிக்கொண்டே போனால் வட்டம் தட்டையாக நிற்கும். 6-ஆம் வாய்ப்பாடுதான் அது, குழந்தை தானே கணக்கு வைத்துக்கொள்ளும். கூட்ட மறந்தால் விளிம்பு எழும்பிக் கிண்ணமாகும், அதிகமாகக் கூட்டினால் அலை அலையாகச் சுருங்கும். கிண்ணமாகிவிட்டால் பிரிக்கச் சொல்லாதீர்கள். கூட்டாமல் இன்னும் நாலைந்து சுற்றுப் போகச் சொன்னால் சேஃப்டி பின், ரப்பர் பேண்ட் போட்டுவைக்க ஒரு கிண்ணம் கிடைத்துவிடும். வட்டம் கைக்கு வந்த பிறகு, மூன்று மூன்று தையலாகச் சேர்த்து, நாலு மூலை வைத்துப் போடும் கிரானி ஸ்கொயர். 4 மி.மீ. ஊசியில் 5 சுற்றுப் போட்டால் ஏறக்குறைய 12 செ.மீ. சதுரம் வரும். போர்வை என்று பெரிதாக ஆசைப்படாமல் முதலில் 9 சதுரம், ஒரு குஷன் உறையின் முன்பக்கத்துக்கு.

நாலு பேர் போட்டால் நாலு அளவில் வரும் என்று பயப்பட வேண்டாம், கட்டாயம் அப்படித்தான் வரும். குழந்தை இறுக்கிப் போடுவாள், பழகின கை தளர்வாகப் போடும். இறுக்கமான கைக்கு அரை மி.மீ. பெரிய ஊசி, தளர்ந்த கைக்கு அரை மி.மீ. சிறிய ஊசி கொடுத்தால் பாதி வித்தியாசம் போய்விடும். மீதியை, சிறியதாக வந்த சதுரத்தைச் சுற்றி ஒரு சுற்று சிங்கிள் குரோஷே கூட்டிப் போட்டுச் சமன் செய்துவிடலாம். பெரியதாக வந்ததைச் சின்னதாக்க முயலாதீர்கள், எல்லாவற்றையும் அதன் அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

இப்போது, நான் முக்கியமாக நினைக்கும் விஷயம். என் மகள் 9 வயதில் ஒரு மஃப்ளர் போட ஆரம்பித்தாள். ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒல்லி, நடுவில் ஒரு ஓட்டை. காலையில் அவள் எழுந்து பார்த்தால் நன்றாக இருக்கட்டுமே என்று, ராத்திரி அவள் தூங்கின பிறகு நான் 14 வரிசை பிரித்து, ஒழுங்காகப் போட்டு வைத்தேன். காலையில் அவள் அதை ரொம்ப நேரம் பார்த்தாள். "இது நான் போட்டது இல்லம்மா" என்றாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. அப்புறம் கல்லூரி முடிக்கும்வரை அவள் ஊசியைத் தொடவே இல்லை. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த கை இது. சொந்தப் பிள்ளையின் வேலையை ஒரே ராத்திரியில் எடுத்துக்கொண்டுவிட்டது. அதனால்தான் உங்கள் மாமியார் வாங்கிப் போட்டுக் கொடுத்தார் என்று படித்தவுடன் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். அவர் அன்பால் செய்தார், எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் உங்கள் வீட்டில் ஒரே ஒரு விதி வையுங்கள்: இன்னொருவர் கையில் இருக்கும் வேலையை யாரும் வாங்கக் கூடாது. சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் தன் கையில் வேறு நூல் எடுத்துப் போட்டுக் காட்டலாம். பிரிக்கலாமா வேண்டாமா என்பதைப் போட்டவர்தான் சொல்ல வேண்டும். அந்த ஓட்டை இருந்துவிட்டுப் போகட்டும். குஷன் உறையில் எந்தச் சதுரம் யாருடையது என்று பத்து வருடம் கழித்துத் தேடும்போது அதுதான் அடையாளமாக இருக்கும்.

சொல்லிக்கொடுக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். குழந்தைக்கு இடது கைப் பழக்கம் என்றால் மட்டும் எதிரில் உட்காருங்கள். கண்ணாடியில் பார்ப்பது மாதிரி உங்கள் வலது கை செய்வதை அதன் இடது கை அப்படியே செய்யும். வலது கைக்கு மாற்ற வேண்டிய அவசியமே இல்லை, இடது கையாலும் குரோஷா முழுமையாக வரும். வீடியோவோ பேட்டர்னோ பார்க்கும்போது அது பிரிட்டிஷ் முறையா அமெரிக்க முறையா என்று முதலில் பாருங்கள். அமெரிக்கக் குறிப்பில் சிங்கிள் குரோஷே என்பதைப் பிரிட்டிஷ் குறிப்பில் டபுள் குரோஷே என்பார்கள். அமெரிக்க டபுள், பிரிட்டிஷில் டிரெபிள். மாமியார் பழைய புத்தகத்தில் கற்றவராக இருந்தால் பெரும்பாலும் பிரிட்டிஷ் கணக்கு, இன்றைய வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கு. ஒரே வீட்டில் இரண்டு பேரும் டபுள் என்று சொல்லி வேறு வேறு தையல் போட்டுக்கொண்டு, நீ தப்பு நான் சரி என்று நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். சிங்கிள் குரோஷே என்ற சொல் எழுதியிருந்தால் அது அமெரிக்க முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

டாட்டிங் நூல் விஷயத்தில், எண் கூடக் கூட நூல் மெல்லிசு. 80 என்பது தலைமுடி மாதிரி, பழகும்போது அதை வாங்காதீர்கள். 10 அல்லது 20ல் தொடங்குங்கள். நன்றாக முறுக்கேறிய மெர்சரைஸ்டு (பளபளப்பும் பலமும் ஏற்றிய) பருத்தி நூல்தான் வேண்டும். தையல் மெஷின் பாலியஸ்டர் நூலும், பிரிந்து பிரிந்து வரும் எம்பிராய்டரி நூலும் பழகுகிறவர் கையை வெறுக்க வைத்துவிடும். ஆங்கர் குரோஷா நூலைப் பெரிய ஃபேன்ஸி கடைகளில் கேட்டுப் பாருங்கள். மதுரா கோட்ஸ் தயாரிப்பு. எங்கள் பக்கத்து விக்கிரமசிங்கபுரத்தில் அந்த மில்லை நம்பி வளர்ந்த தெருக்களே இருக்கின்றன. தினம் ஒரு வளையம் என்று வைத்துக்கொண்டு, 5 தையல், ஒரு பிக்கோ (இரண்டு தையலுக்கு நடுவில் தளர்வாக விடும் குட்டி நூல் வளைவு), 5 தையல், ஒரு பிக்கோ, 5 தையல், ஒரு பிக்கோ, 5 தையல், மூடு என்று போடுங்கள். அடுத்த வளையத்தில் முதல் 5 தையல் முடிந்ததும், முந்தைய வளையத்தின் கடைசிப் பிக்கோவில் கோத்து இணைத்துவிடலாம். ஒரு மாதத்தில் ஒரு கைக்குட்டையின் ஒரு ஓரத்துக்கு வந்துவிடும்.

பத்திரம் என்று சொல்ல மூன்றே விஷயம். 3 வயதுக்குள் உள்ள குழந்தைக்குக் குரோஷா பொம்மை போட்டுக் கொடுத்தால் பட்டன், பிளாஸ்டிக் கண் வைக்காதீர்கள். பிய்த்து வாயில் போட்டுவிடும். கண்ணை நூலாலேயே தைத்துவிடுங்கள். கைக்குழந்தைக்குக் காலுறை போட்டால் உள்பக்கம் ஒரு நூல் நுனிகூடத் தொங்கக் கூடாது. அது கால் விரலைச் சுற்றி இறுகி ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும், குழந்தை ஏன் அழுகிறது என்று நமக்குத் தெரியாது. மூன்றாவது, டாட்டிங் ஊசியோ மெல்லிய ஸ்டீல் குரோஷா ஊசியோ வேலை முடிந்ததும் எண்ணி டப்பாவில் போடுங்கள், பாயில் விடாதீர்கள்.

இதெல்லாம் மனசுக்கு நல்லதாமே, ஞாபக மறதி வராதாமே என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2020ல் வெளியான ஓர் ஆய்வில், குரோஷா போடும் 8 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆன்லைனில் கேட்டார்கள். பெரும்பாலோர் மனசு அமைதியாகிறது என்றார்கள். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் கேட்டது ஏற்கெனவே குரோஷாவை விரும்பிப் போடுகிறவர்களை. பிடிக்காமல் விட்டவர்களை யாரும் கேட்கவில்லை. அதனால் போடுகிறவர்களுக்கு நிம்மதி தருகிறது என்பதுவரை தைரியமாகச் சொல்லலாம். நோயைத் தடுக்கும், மறதியைத் தடுக்கும் என்று உறுதி சொல்லிப் பெரியவர்களை உட்கார வைக்காதீர்கள். மணிக்கட்டும் கட்டைவிரலும் வலிக்கும் என்பது மட்டும் உறுதி. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கையை உதறிவிட்டு வர வேண்டும். வலி காலையிலும் இருந்தால் சில நாள் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

மாமியாரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவர் கண் சரியில்லை என்று சொன்னாலும் அவர் விரலுக்கு இன்னும் எல்லாம் ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்து மெல்லிய வெள்ளை நூலையும் 1 மி.மீ. ஊசியையும் கொடுத்தால் யாருக்குமே தெரியாது. 5 மி.மீ. ஊசி, பிடி தடித்ததாக, ரப்பர் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள், கிடைக்காவிட்டால் பிடியில் துணி சுற்றிக் கட்டிவிடலாம். தடித்த நூலில் கண்ணியை விரலால் தடவியே எண்ண முடியும்; பார்வை குறைந்த பலர் அப்படித்தான் போடுகிறார்கள். வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து வேலை மேல் விழட்டும். சதுரங்களை இணைப்பதும் சுற்றி ஓரம் கட்டுவதும் அவருடையதாக இருக்கட்டும். உங்கள் எல்லோர் வேலையும் கடைசியில் அவர் மடியில்தான் வந்து சேரும். அப்போது யார் கையிலிருந்தும் எதையும் அவர் வாங்க வேண்டியிருக்காது.

அவர் போட்ட பழைய டேபிள் கிளாத்தின் மூலை கிழிந்து கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைத் துவைக்காதீர்கள், இப்போதைக்கு இழுத்து விரிக்கவும் வேண்டாம். அறுந்த இடத்தைச் சுற்றித் திறந்து நிற்கும் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சேஃப்டி பின்னைக் கோத்து மூடுங்கள், இல்லாவிட்டால் ஓடிக்கொண்டே போகும். பிறகு வெளிச்சமான இடத்தில் கறுப்புத் துணி மேல் அதை விரித்து, அந்தப் பூவின் நடுவில் எத்தனை செயின் கண்ணியில் வட்டம் தொடங்கியிருக்கிறது என்று மாமியாரையே விரலால் தொட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்லச் சொல்ல, உங்கள் பெண் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.